நைஸ்ஒய்குஸ்லனே: சொல்லும் அதன் தமிழ் நிகரும்

எஸ்தோனிய எழுத்தாளரும் ஆசிரியருமான லில்லி சூபுர்க் (1841–1923) அம்மையாரை அந்நாட்டார் இன்று குறிக்கும் சொற்களுள் ஒன்று, பெண்களின் உரிமைக்காகப் பாடுபடுபவர் என்று பொருள்படும் 'நைஸ்ஒய்குஸ்லனே'. இதன் நடுவில் வரும் உயிரொலி 'அது' என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்துக்கு நெருக்கமானது. அதற்கெனத் தமிழில் தனி எழுத்து இல்லாமையால் ஒகரமிட்டு எழுதியிருக்கிறேன்.

சொல் மூன்று உறுப்புகளால் ஆனது. 'நைஸ்' என்பது 'நைனே' என்ற பெயர் கூட்டுச்சொல்லில் கொள்ளும் வடிவம். நைனே என்றால் பெண். மனைவி என்பதற்கும் அதே சொல்தான். தமிழிலும் 'உரிமை' என்ற சொல்லுக்குப் பழைய நூல்களில் மனைவி என்ற பொருள் உண்டு என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சூபுர்க்கோ மணம் செய்துகொள்ளாமல் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தவர். அடுத்த உறுப்பான 'ஒய்குஸ்', சரியானது என்று பொருள்படும் 'ஒய்கே' என்பதிலிருந்து பிறந்து, உரிமை, நீதி இரண்டையும் சுட்டுகிறது; பின்லாந்து மொழியின் 'ஒய்கெயுஸ்' இதற்கு உறவு. இறுதியிலுள்ள 'லனே', நம் 'ஆளர்' போல, ஒன்றைச் சார்ந்தவரைக் காட்டும் விகுதி.

உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் 'பெண்ணுரிமையாளர்' என்று வரும். ஆனால் தமிழில் உரிமையாளர் என்றாலே சொத்துக்கு உடையவர் என்ற பொருள் வேரூன்றிவிட்டது. இடம் விட்டு 'பெண் உரிமையாளர்' என்று அச்சிட்டால் கடைக்கோ வீட்டுக்கோ உடைமைக்காரி என்றே வாசகர் கொள்வர். 'பெண்ணியவாதி' என்பதில் கொள்கைக்காக வாதிடுதல் முன்னே வந்து, உரிமை என்ற நடு உறுப்பு மறைந்துவிடுகிறது. 'போராளி' என்பது மூலத்தில் இல்லாத போரைக் கொண்டுவருகிறது.

சூபுர்க் செய்தவை என்ன? 1877-இல் 'லீனா' என்ற கதையை, ஓர் எஸ்தோனியப் பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக எழுதினார். 'தானே' என்பது அந்நூலின் துணைத்தலைப்பிலேயே இருக்கிறது. உயர்கல்வி ஜெர்மன் மொழியின் கையில் இருந்த நாட்டில், ஓர் உழவர் குலப் பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்வதே உரிமைக் கோரிக்கைதான். 1882-இல் பர்னு நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்து, 1885-இல் அதை வில்யாண்டிக்கு மாற்றி, அங்கிருந்தே 1887-இல் எஸ்தோனியாவின் முதல் மகளிர் இதழான 'லிண்டா'வைத் தொடங்கினார். கதையும் பள்ளியும் இதழும் ஆகிய இம்மூன்றும் செயல்கள். ஆகவே, சற்று நீளமானாலும், 'பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்' என்பதையே அவருக்கு உரிய தமிழ்ச் சொல்லாகக் கொள்கிறேன்.