ராஸ்டர்: புள்ளிவரிப் படம்

ராஸ்டர் படம் என்றால் பிக்சல்களால் ஆன படம் என்று சொல்லிவிடுவோம். பொருள் சரிதான். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் வயல். லத்தீனில் 'ராஸ்ட்ரும்' என்றால் மண்ணை வாரும் பல் வைத்த கருவி, நம் பலுகு மாதிரி. இழுத்துக்கொண்டே போனால் மண்ணில் வரி வரியாகத் தடம் விழும். ஜெர்மன் மொழியில் அது 'ராஸ்டர்' ஆகி, அச்சுக்கூடத்தில் படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் வலைத்திரைக்குப் பெயரானது. அப்புறம் தொலைக்காட்சிக்கு வந்தது. பழைய பெட்டிகளில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியாகக் கீழிறங்கித்தான் படத்தை வரைந்தது. கணினி அங்கிருந்துதான் இதை எடுத்துக்கொண்டது.

பிக்சலுக்குப் 'படப்புள்ளி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதோடு வரியையும் சேர்த்து, ராஸ்டர் படத்தைப் 'புள்ளிவரிப் படம்' என்று சொல்லலாம் என்பது என் விருப்பம். உழுத தடமும் அதில் இருக்கிறது, திரையின் வரியும் இருக்கிறது.

1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால் 62 லட்சம் பைட். அப்படியே வைத்தால் இடம் நிறையப் பிடிக்கும் என்பதால்தான் சுருக்குகிறோம். எப்படிச் சுருக்குவது என்பதில்தான் கோப்பு வடிவங்கள் வேறுபடுகின்றன. 1987-இல் வந்த ஜிஃப், ஒரு சட்டகத்துக்கு (அசையும் படத்தில் ஒரு தனிப் படத்துக்கு) 256 நிறங்களோடு நின்றுவிடும். 1992-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக், படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி, கண் கவனிக்காத நுட்பங்களைக் கழித்துவிடும். இது இழப்புள்ள சுருக்கம். 1996-இல் வந்த பிஎன்ஜி ஒரு புள்ளியைக்கூட விடாது. அது இழப்பில்லாச் சுருக்கம். 2010-இல் கூகுள் வெளியிட்ட வெப்பியில் இரண்டு வகையும் உண்டு.

முகம், மரம், வானம் என்றால் ஜேபெக் போதும். தமிழ் எழுத்து உள்ள படத்துக்கு அது ஆகாது. ஓர் அழைப்பிதழைச் சிறிதாக்கி, தரத்தைக் குறைத்து ஜேபெக்கில் சேமித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றிச் சாம்பல் தூசு படிந்திருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி அதில் கரைந்திருக்கும். 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். அதற்கப்புறம் அதே கோப்பைப் பிஎன்ஜியாக மாற்றினாலும் போன புள்ளி திரும்பாது. முதல் சேமிப்பே பிஎன்ஜியாக இருக்க வேண்டும்.