சர்வரின் நகல் கிளவுடுக்குப் போவது எப்படி, திரும்பி வருவது எப்படி?

ஒரு சிறு நிறுவனத்தின் சர்வருக்குக் கிளவுட் பேக்கப் மென்பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் ஒப்பிடுகிறார்கள்: மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை டெராபைட் இடம். என்னைக் கேட்டால், அந்த மென்பொருள் தரவை எப்படித் திருப்பித் தருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அது புரிய, உள்ளே நடக்கிற வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் சிக்கல், சர்வர் ஓடிக்கொண்டே இருப்பது. 20 ஜிபி அளவுள்ள தரவுத்தளக் கோப்பைப் படித்து முடிக்கச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் யாராவது ஒரு பில்லைப் பதிவு செய்திருப்பார்கள். கோப்பின் முன்பாதி பில்லுக்கு முந்தையதாகவும் பின்பாதி பிந்தையதாகவும் இருந்தால், அந்த நகலைத் தரவுத்தளம் திறக்க மறுக்கலாம். இதற்காகத்தான் விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்ற சேவை இருக்கிறது. அது தரவுத்தளத்தைச் சில நொடிகள் எழுதாமல் நிறுத்தி, அந்தக் கணத்தின் நிலையைப் பிடித்துவைக்கிறது. அதன்பின் டிஸ்க்கின் ஒரு பகுதி மாறப்போகிறது என்றால், பழைய உள்ளடக்கத்தை முதலில் ஓரமாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மாற்ற விடுகிறது. லினக்ஸில் இதேபோல் டிஸ்க்கின் ஒரு கணத்து நிலையைப் பிடித்துவைக்க எல்விஎம் ஸ்னாப்ஷாட் உண்டு. இல்லையென்றால் பிஜி_டம்ப், மைஎஸ்க்யூஎல்டம்ப் போன்ற கருவிகளால் தரவை முதலில் தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆகவே, நீங்கள் பார்க்கும் மென்பொருளுக்கு உங்கள் தரவுத்தளத்தை முறைப்படி நகலெடுக்கத் தெரியுமா என்று கேளுங்கள். வெறும் கோப்புகளை மட்டும் அள்ளிக்கொண்டு போகிற மென்பொருள் சர்வருக்குப் போதாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தினமும் எல்லாவற்றையும் அனுப்ப முடியாது, மாறியதை மட்டும் அனுப்பவேண்டும். ஆனால் ஒரு பெரிய கோப்பில் மாறியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பை 1 எம்பி துண்டுகளாக வெட்டி ஒப்பிடலாம் என்று தோன்றும். கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். வரிசையின் தலையில் ஒருவர் நுழைந்தால் பின்னால் நிற்கிற எல்லோரும் ஓர் இடம் தள்ளிப்போவது போல, எல்லாத் துண்டுகளும் நகர்ந்துவிடும். ஒன்றுகூடப் பழையதோடு பொருந்தாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கமே தீர்மானிக்கும். ரெஸ்டிக் என்ற திறமூல மென்பொருள், 64 பைட் அகலமுள்ள ஒரு சாளரத்தைக் கோப்பின்மேல் பைட் பைட்டாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த எண்ணின் கடைசி 20 பிட்டுகளும் பூஜ்யமாக வந்தால் அங்கே வெட்டு. பத்து லட்சம் இடங்களுக்கு ஒருமுறைதான் அப்படி நேரும் என்பதால், துண்டின் அளவும் கிட்டத்தட்ட 1 எம்பியை ஒட்டியே அமைகிறது. தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் இப்போது மாறுவது பெரும்பாலும் அந்த ஒரு துண்டு மட்டும்தான். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பே பெயர்; அதாவது, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு கைரேகை. அந்தப் பெயர் கிளவுடில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி அனுப்பவேண்டியதில்லை. ஒரே கோப்பைப் பத்துப் பேர் வைத்திருந்தாலும் போவது ஒரு நகல்தான்.

மீட்கும்போதும் இதில் லாபம் உண்டு. பழைய முறையில் ஒரு முழு நகலும் அதன்மேல் அன்றாட மாற்றங்களும் சங்கிலியாக இருக்கும், நடுவில் ஒரு கண்ணி போனால் பிந்தைய நாட்களெல்லாம் போச்சு. துண்டு முறையில் ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய துண்டுகளின் தனிப் பட்டியல் இருப்பதால், எந்த நாளையும் நேரே எடுக்கலாம். ஆனால் ஒரு துண்டு கெட்டால் அதைச் சுட்டும் எல்லா நாட்களும் அடிபடும். கிளவுடில் கிடப்பதை அவ்வப்போது படித்துச் சரிபார்க்கும் வசதி அதனால் அவசியம்.

துண்டுகளைச் சுருக்கி, அப்புறம்தான் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்குவார்கள் (என்கிரிப்ஷன்). மறையாக்கிய தரவு தாறுமாறாக இருக்கும், அதைச் சுருக்க முடியாது. இந்த வேலை உங்கள் சர்வரிலேயே நடந்து, சாவி உங்களிடம் மட்டும் இருந்தால் சேவை நிறுவனத்தால்கூட எதையும் படிக்க முடியாது. சாவி தொலைந்தால் அவர்களால் உதவவும் முடியாது. அதைச் சர்வரிலேயே சேமிக்காமல் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

இனி வேகம். 1 டெராபைட் தரவை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலும் சுமார் 22 மணி நேரம். 20 எம்பிபிஎஸ் என்றால் நாலரை நாளுக்கு மேல். அத்தனை நாள் வேலை நின்றால் தாங்குமா? அரிதாக மட்டும் எடுக்கிற தரவுக்கான, கட்டணம் குறைந்த ஆவணச் சேமிப்பில் இன்னொரு காத்திருப்பும் உண்டு. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் சாதாரணக் கோரிக்கைக்கே 12 மணி நேரம் வரை ஆகலாம், அதன்பிறகுதான் டவுன்லோடு தொடங்கும். ஆகவே கிளவுடோடு சேர்த்து, பக்கத்திலேயே ஒரு டிஸ்க்கிலும் நகல் வைக்கத் தெரிந்த மென்பொருளே நல்லது.

தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். 2014இல் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கணக்குக்குள் நுழைந்த ஒருவர், தரவையும் பேக்கப்புகளையும் சேர்த்தே அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது. குறித்த காலம் முடியும்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இப்போது இருக்கிறது. அமேசான் எஸ்3 சேமிப்பில் 2018இல் வந்த ஆப்ஜெக்ட் லாக் அப்படிப்பட்டது. அதன் கடுமையான நிலையில் கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாது. மென்பொருள் இதற்கு ஒத்துழைக்கவில்லை என்றால் நான் அதைத் தேர்வு செய்யமாட்டேன்.

சரி, எல்லாம் பொருத்தியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நகல் உண்மையில் எடுபடுகிறதா என்று பார்த்தாகவேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் அன்றாட டம்ப், தரவுத்தளத்தோடு ஒத்துவராத பழைய பதிப்பால் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதே பொறியாளர் சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

அதனால் இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். வேறொரு கணினியில், கிளவுடிலிருந்து மட்டும் எல்லாவற்றையும் இறக்கி, தரவுத்தளத்தை இயக்கி, நேற்றைய கடைசிப் பதிவு இருக்கிறதா என்று கணக்காளரையே பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் பேக்கப்பை வேண்டுமென்றே நிறுத்தி வையுங்கள். மறுநாள் காலைக்குள் உங்களுக்கு எச்சரிக்கை வரவில்லை என்றால், அடுத்த மென்பொருளைப் பார்க்கத் தொடங்கலாம்.