மலைச்சரிவில் பழைய நவீன வீடு: சமையலறைக்கு முன் தாங்குசுவரைப் பாருங்கள்

1950, 60-களில் கட்டிய நவீன பாணி வீட்டை, அதுவும் மலைச்சரிவில் நிற்பதை, வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சமையலறைப் படங்களோடுதான் என்னிடம் வருகிறார்கள். நானோ நேரே வீட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். மேட்டு மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா? சுவர் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா? செடி வைக்கிறேன் என்று மரச்சுவரை ஒட்டி யாராவது மண் கொட்டியிருக்கிறார்களா? ஊறிய மண்ணில் தேங்கும் நீர் சுவரை நெட்டித் தள்ளும். அதற்கு வழிவிடாமல் உள்ளே செய்கிற எந்த வேலையும் தண்டச்செலவு.

அடுத்து உத்தரங்கள். இவ்வகை வீடுகள் பலவற்றில் கூரை உத்தரம் அறைக்குள் தொடங்கி, கண்ணாடியைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். வீட்டுக்கு அழகே அதுதான். மரம் மக்குவதும் அங்கேதான். கீழிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளக்கும். ஏணி வைத்து ஏறி, வெளியே நீட்டிய பகுதியின் மேல்முகத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். சில வீடுகளில் பிடிவரை இறங்கிவிடும். 'நீட்டியிருப்பதை அறுத்து எறிந்துவிடலாம்' என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். சம்மதிக்காதீர்கள். உச்சி வெயில் கண்ணாடியில் விழாமல் காப்பது அந்த நீட்டல்தான். பொறியாளரை வைத்துக் கணக்குப் பார்த்து, மக்கிய பகுதியை மட்டும் எடுத்து, அதே வகை மரத்தை இணைத்து, மேலே தகடு போர்த்துங்கள்.

கூரையில் இன்னொரு சிக்கல். அறையிலிருந்து தெரியும் பலகைக்கு மேல் பரண் கிடையாது. வெப்பத்தடுப்பை மேலேதான் போட்டாக வேண்டும். ஒரே கனத்தில் போட்டால் மெல்லிய கூரை விளிம்பு தடித்து, வீட்டின் முகமே மாறிப்போகும். நடுவில் தடித்து விளிம்பில் மெலியும்படி போட்டால் மழைநீரும் தேங்காமல் ஓடும். கண்ணாடியை மாற்றும்போதும் சட்டத்தின் கனத்தைக் கவனியுங்கள். ஆனால் மாற்றத் தயங்க வேண்டாம்: தரையிலிருந்து கூரைவரை நிற்கும் அந்தக் காலத்துச் சாதாரணக் கண்ணாடி, உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் விழும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

தரையில் 9 அங்குலச் சதுர டைலும் அடியில் கருப்புப் பசையும் இருந்தால் வேலையை நிறுத்துங்கள். இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருக்க வாய்ப்பு அதிகம். உடைக்கும்போதும் சுரண்டும்போதும் பறக்கும் இழைகள்தான் ஆபத்து. கலிஃபோர்னியாவில், குன்றோரத் தாங்குசுவரை ஒட்டி 1949-இல் கட்டப்பட்ட, வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ்–ரே ஈம்ஸ் வாழ்ந்த ஈம்ஸ் இல்லத்திலும் இதே கதைதான். 2011-இல் வரவேற்பறைப் பொருட்கள் அருங்காட்சியகக் கண்காட்சிக்குப் போன சமயம் பார்த்து, சிதைந்த ஆஸ்பெஸ்டாஸ் டைல்களை அகற்றினார்கள். அதோடு விடாமல், கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறாதபடி தடுப்பு போட்டு, அதன்மேல்தான் புது டைல் பதித்தார்கள். வீட்டைக் காலிசெய்யும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. கிடைக்கும்போது அடித்தளத்து ஈரத்தையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.