நோன்பு யாருக்குக் கடமையில்லை? உடம்புக்குள் நடக்கும் கணக்கு

ரமலான் வந்துவிட்டால் எந்த நிலையில் இருந்தாலும் நோன்பு வைத்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே, குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 184, 185 வசனங்களில், நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு வந்துவிடுகிறது. விட்டதை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம், இதுதான் களா. அதுவும் முடியாதவர், அதாவது குணமாக வழியில்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும், அது ஃபித்யா. பருவமடையாத பிள்ளைகளுக்கும் மனநிலை தவறியவர்களுக்கும் கடமையே இல்லை, அங்கே பேச ஒன்றுமில்லை.

ஆக மார்க்க அறிஞர்கள் நோயாளியிடம் கேட்பது இரண்டே கேள்வி: நோன்பு வைத்தால் உனக்குக் கேடு வருமா, உன் நிலைமை பிறகு சரியாகுமா? முதல் கேள்விக்குப் பதில் மருத்துவரிடம்தான் இருக்கிறது. அதனால் ஆரோக்கியமான உடம்பு நோன்பை எப்படிச் சமாளிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

விடியலுக்கு முன் ஸஹர் உணவு சாப்பிட்ட பிறகு சில மணி நேரத்துக்குக் குடலிலிருந்து வரும் சர்க்கரையே போதும். அது தீர்ந்ததும் இரத்தத்தில் இன்சுலின் இறங்கி குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறுகிறது, உடனே கல்லீரல் தன்னிடம் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை அவிழ்த்து விடுகிறது. அந்த இருப்பு சுமார் 100 கிராம்தான், மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் கேட்கும். எனவே மாலை நெருங்க நெருங்க உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கிறது, கல்லீரலும் புதிதாகக் கொஞ்சம் குளுக்கோஸ் தயாரிக்கிறது, கொழுப்பு எரிவதில் உண்டாகும் கீட்டோன்கள் லேசாக எட்டிப்பார்க்கின்றன. நல்ல உடம்புக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் இத்தனையும் நடக்க ஒரே ஒரு நிபந்தனை, இன்சுலின் தேவைக்கேற்ப ஏறி இறங்க வேண்டும். சிக்கல் வருவதும் இங்கேதான்.

கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை இவை அடைத்துவிடுகின்றன, செல்லும் சாப்பாடு வந்துவிட்டதாக எண்ணி இன்சுலினைக் கொட்டுகிறது. சாப்பாடு வரவே இல்லை, இரத்தத்தில் சர்க்கரை சரிகிறது, இன்சுலின் மட்டும் இறங்க மறுக்கிறது, இன்சுலின் இருக்கும்வரை கல்லீரலும் இருப்பைத் திறக்காது. பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், உதடு மரத்த மாதிரி இருக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பக்கத்தில் இருப்பவர் "நோன்புக் களைப்பு, கொஞ்சம் படுங்க" என்பார். படுத்தவர் எழுந்திருக்காமல் போகலாம். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை இப்படிச் செய்வதில்லை, தனியாக எடுத்தால் தாழ்சர்க்கரை வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே சர்க்கரை நோயாளி எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசவும் முடியாது.

டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே அநேகமாகச் சுரக்காமல் ஊசியை நம்பியிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இரண்டு பக்கமும். போட்ட இன்சுலின் அதிகமானால் சர்க்கரை விழும். நோன்புதானே என்று ஊசியையே விட்டுவிட்டால் கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் உடைந்து கீட்டோன் பெருகி இரத்தம் அமிலமாகும். 2001ஆம் ஆண்டு ரமலானை வைத்து 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய எபிடியார் ஆய்வில், கடுமையான தாழ்சர்க்கரை டைப் 1இல் 4.7 மடங்கும் பெரும்பாலோருக்கு வரும் வகையான டைப் 2இல் 7.5 மடங்கும் கூடியது தெரிந்தது. என்னை அதைவிட யோசிக்க வைத்தது வேறொரு எண்: டைப் 1 நோயாளிகளிலேயே சுமார் 43 சதவீதம் பேர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருக்கிறார்கள். சலுகை இருந்தும் அதை எடுத்துக்கொள்ள மனம் வராதவர்கள் இத்தனை பேர்.

முதுமையில் பிரச்சினை சர்க்கரையைவிடத் தண்ணீர்தான். வயதானால் தாக உணர்வே மங்கிவிடும், சிறுநீரைச் சுண்ட வைத்துத் தண்ணீரைச் சேமிக்கும் சிறுநீரகத்தின் திறனும் குறையும், மேலே இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை வேறு. "எனக்கு தாகமே இல்லை" என்று பெரியவர் சொன்னால் அதை நம்பக் கூடாது. நபித்தோழர் அனஸ், முதுமையில் நோன்பு வைக்க முடியாமல் போனபோது, ஓரிரு ஆண்டுகள் தினமும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார் என்று புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

கர்ப்பிணிக்குக் கணக்கே வேறு. வயிற்றில் இருக்கும் குழந்தை இரவு பகல் பார்க்காமல் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருப்பதால், மற்றவர்களுக்கு வெகுநேரம் கழித்து நடக்கும் கொழுப்பு எரிப்பு இவருக்குச் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளில் சுமார் 750 மில்லி பால் சுரக்கிறது, அதில் பெரும்பகுதி தண்ணீர். சில மணி நேரப் பட்டினியில் பால் சட்டென்று வற்றாது, அந்தத் தண்ணீரைத் தாயின் உடம்பு தன் கையிருப்பிலிருந்து கொடுத்துவிடும், வறண்டுபோவது அவள்தான். தனக்கோ குழந்தைக்கோ கேடு வரும் என்று அஞ்சினால் விடலாம் என்பதில் மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பள்ளிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஈடு செய்வதில்தான் உண்டு: ஹனஃபியில் களா மட்டும் போதும், ஷாஃபியில் குழந்தைக்காக மட்டுமே பயந்து விட்டிருந்தால் களாவோடு ஃபித்யாவும் சேரும்.

மாதவிடாயும் பிரசவ இரத்தமும் வேறு கதை. அங்கே விடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை, வைக்கக் கூடாது. நோன்பு முடியும் மஃரிபுக்கு (சூரிய மறைவுக்கு) ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கினாலும் அன்றைய நோன்பு போய்விடும், பிறகு களா செய்ய வேண்டும். தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு என்று நபிகளின் மனைவி ஆயிஷா சொன்ன ஹதீஸ் இதற்கு ஆதாரம். இதற்கு இரத்தசோகை, இரும்புச்சத்து என்று விஞ்ஞானக் காரணம் தேடிப் பிடிப்பவர்களைப் பார்க்கிறேன், அது தேவையில்லாத வேலை. சட்டம் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, தெம்பாக இருக்கும் பெண்ணுக்கும் அதே விதிதான்.

பயணிக்கும் அப்படித்தான், களைப்பு இருக்கிறதா என்று யாரும் அளப்பதில்லை, தூரம்தான் கணக்கு, பெரும்பாலும் சுமார் 80 கிலோமீட்டர். ஹிஜ்ரி 8இல் மக்காவை நோக்கிப் போகும் வழியில் நபிகள் எல்லாரும் பார்க்கும்படி தண்ணீரை உயர்த்திக் குடித்து நோன்பை விட்டார். அப்போதும் விடாமல் இருந்தவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்றார்.

சரி, மருத்துவரும் அனுமதித்து ஒரு சர்க்கரை நோயாளி நோன்பு வைக்கிறார் என்றால்? விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது, தயங்காமல் பார்க்கலாம். சர்க்கரை அளவு (மி.கி/டெ.லி) 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் உடனே நோன்பை விட வேண்டும், நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பத்து நிமிடம்தானே என்ற பேச்சுக்கே இடமில்லை. ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்தால், காலையில் போடும் பெரிய அளவு மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றி ஸஹர் அளவைக் குறைக்கவும், அது ஒத்துவருகிறதா என்று சோதித்துப் பார்க்கவும் அவருக்கு அவகாசம் இருக்கும். பிறை தெரிந்த இரவில் போய் நின்றால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.