கழிப்பறை கட்டியாச்சு, குழந்தை ஏன் வளரவில்லை?

கிராமத்தில் வீட்டுக்கு வீடு கழிப்பறை, தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய் என்று வந்த பிறகு குழந்தைகளின் உடல்நலம் மளமளவென்று தேறியிருக்க வேண்டாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மலத்திலுள்ள கிருமி கை, ஈ, தண்ணீர், மண் வழியாக வாய்க்குப் போகிறது என்பது பள்ளிப்பாடம். வழியை அடைத்தால் நோய் குறைய வேண்டும், சரிதான். ஆனால் ஒடிசாவின் 100 கிராமங்களில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆக உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. பின்னர் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் சுத்தமான தண்ணீர், கழிப்பறை, கைகழுவல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உயரம் கூடவில்லை.

இங்கேதான் சிறுகுடலைப் பார்க்க வேண்டும், எனக்கு இதில் அலுப்பே வராது. அதன் உட்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள், விரல் மாதிரி நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மேலே ஒரே ஒரு அடுக்கு செல்கள், அதுவும் சில நாளைக்கு ஒருமுறை புதிதாக முளைப்பவை. சாப்பாட்டின் சத்தெல்லாம் அந்த ஒற்றை அடுக்கைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகிறது. தவழும் குழந்தை மண்ணை வாயில் வைக்கிறது, கோழி எச்சம் பட்ட கையைச் சப்புகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கிருமி போனால், வயிற்றுப்போக்கு வராமலேயே குடலுறிஞ்சிகள் குட்டையாகித் தட்டையாகின்றன, செல்களுக்கு நடுவிலுள்ள இணைப்பு தளர்கிறது, அந்த இடுக்கில் பாக்டீரியாத் துணுக்குகள் உள்ளே கசிகின்றன. அவற்றை எதிர்த்து உடல் ஓயாமல் சண்டைபோட்டு அழற்சியிலேயே இருக்கிறது, சத்து அந்தச் சண்டைக்குச் செலவாகிறது, எலும்பை நீளச் சொல்லும் ஹார்மோனும் அடங்கிப்போகிறது. குழந்தை வளராததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பாதி வீடுகள் மட்டும் கழிப்பறைக்கு மாறினால் முற்றத்து மண் சுத்தமாகாது. ஆட்டுப் புழுக்கையும் கோழி எச்சமும் எப்படியும் அங்கேதான் கிடக்கும்.

அதற்காகத் திட்டமே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடிநீரைச் சுத்திகரிக்கும் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு சுமார் கால் பங்கு குறைகிறது, இது சின்ன விஷயமே இல்லை. கட்டிய கழிப்பறைகளை எண்ணச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது முற்றத்து மண்ணிலும் குடத்துத் தண்ணீரிலும் கிருமியை அளக்க ஒதுக்க வேண்டும். அப்புறம், குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடவும் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் விட்டு விட்டு வரும்போது குழாயில் அழுத்தம் விழுந்து, விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீரை அதுவே உள்ளே இழுத்துக்கொள்கிறது.