உறையும் எண்ணெயும் மெழுகுக் குச்சியும்

மார்கழி விடியலில் திருநெல்வேலி வீடுகளில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அதே அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. இரண்டுமே கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட அலிஃபாட்டிக் சேர்மங்கள்தாம். எண்ணெய், கொழுப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். அதன் சங்கிலியில் 12 கார்பன்கள். நல்லெண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக், லினோலியிக் அமிலங்களுக்கோ 18 கார்பன்கள். நீளம் கூடினால் உருகுநிலையும் கூடும் என்பது பொதுவிதி. அப்படியானால் நல்லெண்ணெய் அல்லவா முதலில் உறைய வேண்டும்? இங்கே குறுக்கிடுவது, அடுத்தடுத்த இரு கார்பன்கள் ஒன்றுக்குப் பதில் இரண்டு பிணைப்புகளால் கோத்துக்கொள்ளும் இரட்டைப் பிணைப்பு. 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 டிகிரி செல்சியசில் உருகுகிறது. அதே நீளத்தில் ஒரேயொரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அந்தப் பிணைப்பு இருக்குமிடத்தில் சங்கிலி முழங்கை போல மடங்குவதால், நேரான விறகுகளைப் போல நெருக்கமாக அடுக்க முடியாமல் மூலக்கூறுகள் விலகியே நிற்கின்றன.

நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் இந்த மடிப்பு நிமிரும். இவ்வகை வினைகளை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். வனஸ்பதி பிறந்தது இந்த வழியில்தான். ஆனால் வினை அரைகுறையாக நின்றால், சில இரட்டைப் பிணைப்புகள் அழியாமல் வடிவம் மட்டும் மாறி, இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பாகிவிடுகின்றன; எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2022 முதல் இந்தியாவில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. (அல்வாவுக்கு நெய்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சுவைக்காக மட்டும் பேசவில்லை என்று இனிச் சொல்லிக்கொள்ளலாம்.)

அமிலப் பகுதி இல்லாத வெறும் ஹைட்ரோகார்பன் சங்கிலிகளிலும் நீளமே குணத்தை வகுக்கிறது. மூன்று, நான்கு கார்பன்கள் என்றால் சமையல் எரிவாயு; எட்டை ஒட்டியவை பெட்ரோலில் இருக்கின்றன; ஆயிரக்கணக்கில் நீண்டால் பாலித்தீன். தாமிரபரணிக் கரையில் ஒதுங்கும் பை மக்காமல் கிடப்பதற்கு, நுண்ணுயிர்கள் எளிதில் அறுக்க முடியாத அந்த நெடுஞ்சங்கிலியே காரணம்.

இருபதைத் தாண்டிய நடுத்தரச் சங்கிலிகள் பாரஃபின் மெழுகு. பழைய நெல்லைச் சீமையின் கோவில்பட்டியில் செய்யப்படும் தீக்குச்சியை, மருந்து தோய்க்கும் முன் மெழுகில் நனைக்கிறார்கள். மருந்து கணநேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். அந்தச் சூட்டில் உருகி ஆவியாகும் மெழுகுதான் தீயைப் பிடித்துவைத்து மரத்துக்குக் கைமாற்றுகிறது.