மலைநாட்டுப் புல்தரைக்குப் பற்றரி மெஷின் சரிவருமா?

கொழும்பில் நன்றாக ஓடிய புல்வெட்டும் மெஷின் நுவரெலியாவுக்கு வந்ததும் கறுப்புப் புகை தள்ளுகிறது, பிளக்கில் கரி படிகிறது, இழுவையே இல்லை என்று பட்டறைக்குத் தூக்கி வருபவர்கள் பலர். பெரும்பாலும் மெஷினில் கோளாறு ஒன்றும் இருக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெற்றோலைக் காற்றோடு கலந்து விடும் காபரேட்டருக்கு அது தெரியுமா? கொழும்பில் விட்ட அளவுக்கே பெற்றோலை விட்டுக்கொண்டிருக்கும். பெற்றோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் புகை குறையும், போன பலம் போனதுதான். பற்றரி மோட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஹட்டனிலும் அதே பலம், நுவரெலியாவிலும் அதே பலம்.

அதைவிடப் பெரிய விஷயம் சரிவு. நம் பக்கத்தில் பங்களா வாசலில் ஒரு துண்டு சமதரை இருந்தால், அதற்கப்பால் எல்லாம் இறக்கம்தான். சாதாரண நான்கு ஸ்ட்ரோக் மெஷின்களில் பலவற்றில் ஒயில் பம்ப் இல்லை. உள்ளே சுழலும் ஒரு துண்டு ஒயிலை வாரி அடிப்பதால்தான் பாகங்கள் நனைகின்றன. மெஷின் நெடுநேரம் சாய்ந்தே ஓடினால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், மறுபக்கம் காய்ந்து தேயும். பிளேட்டைக் கழுவ மெஷினைக் காபரேட்டர் பக்கமாகச் சாய்த்துவிட்டால் இன்னொரு வேலை வரும்: ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினால் பஞ்சு கறுப்பு ஒயிலில் ஊறிக் கிடக்கும், பிழிந்தால் விரலிடுக்கில் வழியும். என்னிடம் வரும் "ஸ்டார்ட் ஆகல" கேஸ்களில் இதுவும், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்து பிசினாகிப்போன பெற்றோலும்தான் அதிகம். பற்றரி மெஷினில் ஒயிலும் இல்லை, பெற்றோலும் இல்லை.

2022 ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் கோட் காட்டினால்தான் பெற்றோல், வாகனத்துக்கு இவ்வளவு என்று அளவு. புல் முழங்காலுக்கு வளர்ந்து கிடந்தது. அதற்காகப் பற்றரி வாங்கினால் தப்பிக்கலாம் என்று சொல்லமாட்டேன்; அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமலும் இருந்தோம்.

வாங்கும்போது மெஷினின் நிறத்தையும் சக்கரத்தையும் விட்டுவிட்டுப் பற்றரியைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக 40 வோல்ட் என்று போட்டிருக்கும், உண்மையில் வேலை செய்வது 36 வோல்டில். அதை அம்பியர் மணியால் பெருக்குங்கள். 4 அம்பியர் மணி என்றால் 144 வாட் மணி. இதுதான் டேங்கின் அளவு. ஒரு யூனிட் கரண்டில் இந்தப் பற்றரியை ஏறக்குறைய 6 தடவை சார்ஜ் செய்யலாம், அதனால் பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மழைக்காலப் புல்லுக்கு. ஜூன், ஜூலையில் நனைந்து தடித்த கிக்குயூ புல்லை அடியோடு வெட்டப் போனால், காய்ந்த புல்லில் ஓடும் நேரத்தில் பாதிகூட ஓடாது. உயரமாக வைத்து ஒரு தடவை, ரெண்டு நாள் விட்டு இறக்கி ஒரு தடவை வெட்டுங்கள். முடிந்தால் இரண்டாவது பற்றரியையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் அந்த மொடல் கிடைக்குமோ என்னவோ.

ஒரு பங்களாவில் வயதான தோட்டக்காரர் ஒருவர் கேட்டார்: "என்னா தம்பி, சத்தமே காணோம், இது வெட்டுமா?"

"புல்லையும் வெட்டும், விரலையும் வெட்டும் அண்ணே. அடைச்சுக்கிட்டா பற்றரிய கழட்டிட்டுத்தான் கைய விடணும்."

இந்த ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்லித்தான் மெஷினைக் கொடுப்பேன். பெற்றோல் மெஷின் ஓடுவது காதுக்குத் தெரியும். இது நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்ட நேரத்தில் யாராவது லீவரை அழுத்தினால் போதும். சாவி இருக்கும் மெஷினில் சாவியையும் எடுத்துவிடுங்கள். சரிவில் குறுக்காகவே வெட்டுங்கள், மேலும் கீழுமாக வேண்டாம். 4 அடிக்கு 1 அடிக்கு மேல் இறங்கும் இடத்தில் தள்ளும் மெஷின் எதுவுமே வேண்டாம். செருப்போடு போவதும் வேண்டாம்.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இரவுகளில் பற்றரியைத் தகரக் கொட்டகையில் விடாதீர்கள். பூச்சியம் பாகைக்குக் கீழே லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுப்போகும். வீட்டுக்குள் வைத்து, குளிர் விட்ட பிறகு சார்ஜில் போடுங்கள். வெட்டி முடித்துச் சூடாக இருக்கும்போதும் போடாதீர்கள். உப்பிய பற்றரியைக் குப்பையோடு எரிக்கவே கூடாது, அது வெடித்துத் தீப்பிடிக்கும்.

எல்லோரும் மாற வேண்டும் என்பதில்லை. தோட்டத்து ரோட்டோரம், மைதானம் என்று நாள் முழுவதும் வெட்டுபவர்களுக்கு இன்னும் பெற்றோல்தான் கட்டுப்படியாகும். அவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றால் காது போகும். வீட்டுப் புல்தரை, சின்ன ஹோட்டல் முற்றம் என்றால் நான் பற்றரியைத்தான் சொல்வேன்.

அப்புறம் பழைய மெஷின். விற்பதென்றாலும் வைப்பதென்றாலும் பெற்றோலை வடித்து, காபரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் போத்தலில் அடைத்து கராஜில் கொடுங்கள். கீழ் லயத்து ஆட்கள் பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.